தலைவரின் விரலுக்குச் சுட்ட தண்ணீர்

தேவன் வீட்டில் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும். அழகேசன் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சுடுவது பிறகு.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். ஒரே ஆண்டில் கட்டியவை, ஒரே பெயிண்டு, கூரையில் ஒரே மாதிரி சூரிய வெந்நீர்த் தொட்டி. மலேசியாவில் மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை விற்று, ரப்பர் மரங்களை ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்த நிலத்தில் வரிசை வீடுகளைக் கட்டி, அதற்குத் தாமான் கெத்தா மாஸ் என்று பெயர் வைத்தார்கள். தங்க ரப்பர் குடியிருப்பு என்று அர்த்தம். தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே குடியேறின. கூரைத் தொட்டிகளை வாங்கித் தந்தது குடியிருப்போர் நலச் சங்கம். சங்கத்தின் தலைவர் பழனியாண்டி இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். கல்யாண வீட்டிலும் சொல்வார். ஒருமுறை இழவு வீட்டில், இறந்தவர் கடைசிவரை சுடுதண்ணீரில் குளித்தார் என்று சொல்லி ஆறுதல் அளித்தார்.

அழகேசன் சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். பொறுமைசாலி. குழாயைத் திறந்து விட்டுவிட்டு, பல் விளக்கி, சட்டைக்கு இஸ்திரி போட்டு, கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து குளிப்பான். அதுவரை வரும் பச்சைத் தண்ணீரை வாளிகளில் பிடித்து வைப்பான். வீட்டில் நடக்க இடமில்லாமல் வாளிகள் சேர்ந்தன. அதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழந்தை பிறந்த பிறகுதான் எல்லாம் மாறியது.

அவன் மனைவி ரமணி பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள். தண்ணீர் சில்லென்று வந்தது. பிள்ளை அழுதது. தண்ணீர் சில்லென்றே வந்தது. மறுநாள் ரமணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு, தேவனின் மனைவி ஷீலாவிடம் போனாள். திரும்பி வரும்போது பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தது.

"ஷீலா வீட்ல தொறந்த ஒடனே வந்துருதுங்க."

அதன் பிறகு தினமும் போனாள்.

"கெட்டில்ல காய்ச்சலாம்லா," என்றான் அழகேசன்.

"கெட்டில் நம்ம பழைய தோட்டத்து லயத்து வீட்லயே இருந்துச்சு. சுடுதண்ணி வீடுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தது யாரு? கெட்டிலா?"

தன் பிள்ளை அடுத்தவன் வீட்டில் குளிப்பதை ஒரு தகப்பன் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பிள்ளை மேல் ஷீலாவின் சோப்பு வாசனை வந்தது. அழகேசன் அதைவிட உயர்ந்த சோப்பாகப் பார்த்து வாங்கி ரமணியிடம் கொடுத்தான். அவள் அதைக் கொண்டுபோய் ஷீலா வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். இப்போது ஷீலாவின் பிள்ளை மேலும் அந்த வாசனை வந்தது.

தன் வீட்டில், தன் குழாயில், தன் பிள்ளை குளிக்க வேண்டும். அவ்வளவுதான் அழகேசன் கேட்டது.

முதலில் அவனே பார்த்தான். குழாயின் வாயைக் கழற்றினான். உள்ளே இருந்த சல்லடையில் மணல் அடைத்திருந்தது. தட்டிக் கழுவி மாட்டினான். தண்ணீர் வேகமாக வந்தது. வேகமாகச் சில்லென்று வந்தது. தொட்டியோடு வந்த மின்சார ஹீட்டரையும் போட்டு வைத்தான். தண்ணீர் முன்னைவிடச் சூடாக வந்தது, முன்னைப்போலவே தாமதமாக. தேவனிடம் கேட்டான்.

"உன் வீட்ல மட்டும் எப்படிடா தேவா?"

தேவன் கள்ளம் இல்லாதவன். கண்ணாடிக் கடையில் வேலை. எதையும் யோசித்துப் பேசமாட்டான்.

"எல்லாம் ஒன்னுதானேண்ணே. ஒங்களுக்கு ராசி இல்லையோ என்னவோ லா."

அன்று இரவு அழகேசன் தூங்கவில்லை. காலையில் சங்கத்துக்குப் போனான்.

சங்கச் செயலாளர் புவனேசன் மேசைக்குப் பின்னால் இருந்தார். மேசையில் ஒரு குத்துவிளக்கு, ஒரு மைக்கு, மடித்து வைத்த ஒரு பொன்னாடை. மூன்றும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி.

"புகாரா, கோரிக்கையா?" என்றார் புவனேசன்.

"என்னா வித்தியாசம் சார்?"

"புகார்னா தலைவருக்கு எதிரா. கோரிக்கைன்னா தலைவர்கிட்ட."

"சுடுதண்ணி லேட்டா வருது சார்."

"கோரிக்கை," என்றார் புவனேசன். பிறகு குரலைத் தாழ்த்தினார். "லேட்டுன்னு சொல்லாதீங்க தம்பி. அந்த வார்த்தை தலைவருக்குப் புடிக்காது."

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. பழனியாண்டி எந்த நிகழ்ச்சிக்கும் நேரத்துக்குப் போனதில்லை. தலைவர் என்பவர் எல்லாரும் வந்து உட்கார்ந்து, வியர்த்து, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வர வேண்டும். அப்போதுதான் எழுந்து நிற்பார்கள். சீக்கிரம் வந்தால் நாற்காலி அடுக்குகிற ஆள் என்று நினைத்துவிடுவார்கள். ஒருமுறை தவறிப்போய் நேரத்தில் வந்து, காடிக்குள்ளேயே கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள்.

கோரிக்கையைப் பரிசீலிக்க வெந்நீர் விரைவுக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தொடக்க விழா நடந்தது. தலைவருக்காகக் காத்திருந்ததில் வடை ஆறி, தேத்தண்ணீர் ஆறி, குத்துவிளக்கின் எண்ணெயில் பூச்சி விழுந்தது. தலைவர் வந்ததும் விளக்கேற்றினார்கள். ஒரு திரிக்கு ஒரு பிரமுகர். திரிகளைவிடப் பிரமுகர்கள் அதிகம். ஏற்றிய திரியை ஊதி அணைத்து மறுபடி ஏற்ற வைத்தார்கள். பிறகு அழகேசனை மேடைக்குக் கூப்பிட்டுப் பாதிக்கப்பட்டவர் என்று அறிமுகம் செய்தார்கள். கை தட்டினார்கள். பாதிக்கப்பட்டவர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தி முடித்ததும் புவனேசன் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். சங்கத்தில் ஒரு பொன்னாடைதான் இருந்தது. அது எல்லாத் தோளையும் பார்த்தது.

தலைவர் பேசினார்.

"சுடுதண்ணி மெதுவா வருதுன்னு சொல்றாங்க. சந்தோஷம். மெதுவா வருதுன்னா என்னா அர்த்தம்? வருதுன்னு அர்த்தம்! நம்ம அப்பா தாத்தா காலத்துல வந்துச்சா? வரல. வராதது எப்படி மெதுவா வரும்? ஆக, மெதுவா வர்றதே இந்தத் தலைமையோட சாதனை."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அழகேசனும் தட்டினான். ஏன் தட்டினோம் என்று வழியில் யோசித்துக்கொண்டே போனான்.

அடுத்து நேரடி ஆய்வு. குழு முழுவதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழகேசன் வீட்டுக்கு வந்தது. ரமணி வாளிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். குளியலறையில் இருவர் நிற்கலாம். பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். தலைவர் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் வரும்போது ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும் என்று புவனேசன் குழாயைத் திறந்துவிட்டார்.

ஆய்வுக்கு ஒரு முறை இருந்தது. பதவியில் சின்னவர் முதலில் விரல் வைப்பார். உறுப்பினர் வைத்தார்.

"சில்லுன்னு இருக்கு."

அடுத்த உறுப்பினர் வைத்தார். "ஆமா, சில்லு."

துணைச் செயலாளர் வைத்தார். "சில்லுன்னுதான் இருக்கு. ஆனா நல்ல சில்லு."

பொருளாளர் விரலை நீட்டி, எடுத்து, மறுபடி நீட்டினார். "வெதுவெதுன்னு வர்ற மாதிரி..." என்று இழுத்துத் துணைத் தலைவரின் முகத்தைப் பார்த்தார். துணைத் தலைவர் கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். தலைவருக்கு முன்னால் கருத்துச் சொல்வது மரியாதை இல்லை.

அழகேசனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இத்தனை பெரிய மனிதர்கள் இத்தனை விரல்களால் தன் குறையைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். கதவோரம் தேவன் எட்டிப் பார்த்தான். பார், என்று நினைத்தான் அழகேசன். உன் வீட்டுக்கு யாராவது வந்தார்களா?

தலைவருக்காகக் காத்திருந்தார்கள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அழகேசன் மூட நினைத்துக் கையை நீட்டினான்.

"ஏற்பாட்டுல கை வைக்காதீங்க தம்பி," என்றார் புவனேசன்.

தலைவர் வந்தார். எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவர் சட்டையின் கையை மடித்து, போட்டோ எடுப்பவரை ஒரு பார்வை பார்த்து, விரலை நீட்டினார்.

"ஆத்தாடி!"

விரலை வாயில் வைத்துக்கொண்டார். குளியலறையில் ஆவி எழுந்தது.

"இதா லேட்டு?" என்றார் தலைவர். தடை செய்த வார்த்தையை அவரே சொன்னார். "தோலு உரிஞ்சிருச்சு! தொட்ட ஒடனே சுடுது!"

"ஐயா, இவ்ளோ நேரம் ஓடிட்டு இருந்துச்சுங்க," என்றான் அழகேசன். "இப்ப மூடிட்டு, பைப்பு ஆறுற வரைக்கும் இருந்து, மறுபடி தொறந்து பாருங்க. சில்லுன்னு வரும்."

"இருந்து பாக்கவா? எனக்குக் கோலா கெடாவுல கல்யாணம். இப்பவே அவங்க எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க."

ஆனால் பேசாமல் போகவில்லை. பேசாமல் அவர் எங்கிருந்தும் போனதில்லை.

"நாப்பது வருசமா பொது வாழ்க்கையில இருக்கேன். எத்தனை வீட்டுக்குப் போயிருக்கேன், எத்தனை கொழாய்ல கை கழுவியிருக்கேன். ஒரு எடத்துலகூட எனக்குப் பச்சத் தண்ணி வந்ததில்ல. ஏன்? நான் போறதுக்குள்ள யாராவது தொறந்து வச்சிருப்பாங்க. தம்பி அழகேசா, ஒன் பிரச்சனை தண்ணி இல்ல. நீ ரொம்ப சீக்கிரம் போயி நிக்கிற. மொதல்ல போறவன்தான் சில்லுன்னு வாங்கிக்கணும். அதான் சமுதாயம்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சற்றுமுன் சில்லென்று சொன்ன விரல்களையெல்லாம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்கள். வெந்நீர் உடனடியாக வருகிறது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

மறுநாள் காலை ரமணி துண்டை எடுத்தாள். "ஒங்க தலைவர் வெரலுக்கு மருந்து போட்டாச்சான்னு கேளுங்க," என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தமும் பிள்ளை சிரிக்கும் சத்தமும் கேட்டன. ரமணியும் சிரித்தாள். தன் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அழகேசன் யோசித்தான். சுவரில் காதை வைத்தான். பிறகு வெட்கப்பட்டு எடுத்தான். பிறகு மறுபடி வைத்தான்.

குப்பை போடப் பின்சந்துக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தான்.

வரிசையில் எல்லா வீட்டுக்கும் தொட்டி முன்கூரையில் இருந்தது, சாலையைப் பார்த்தபடி. தேவன் வீட்டுத் தொட்டி மட்டும் பின்கூரையில் உட்கார்ந்திருந்தது, குளியலறைக்கு நேர் மேலே. முன்னால் ஒன்று குறைவதை இத்தனை நாள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. பின்சந்துக்குப் போகிறவர்கள் குப்பையைப் பார்ப்பார்கள், மூக்கைப் பொத்துவார்கள், அண்ணாந்து பார்ப்பதில்லை.

அழகேசன் குப்பைப் பையைக் கையில் பிடித்தபடி நின்றான். மற்ற வீடுகளில் சுடுதண்ணீர் முன்கூரையில் புறப்பட்டு, வீட்டு நீளத்துக்கும் குழாயில் ஆறிக் கிடக்கும் பழைய தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, பின்னால் வந்து சேர வேண்டும். தேவன் வீட்டில் அது இறங்கினால் போதும்.

"தேவா!"

தேவன் லுங்கியோடு வந்தான். அண்ணாந்து பார்த்தான்.

"ஆமாண்ணே, பின்னாடி இருக்கு. தொட்டி வச்ச அன்னிக்கு என் முன்கூரையில தலைவர் படம் போட்ட பேனரு நின்னுச்சில்ல? தூண்ல இருந்து தூண் வரைக்கும். அத எறக்கக்கூடாதுன்னுட்டாங்க. வேற எடம் இல்லாம பின்னாடி தூக்கிப் போட்டாங்க. நான்கூட அன்னிக்கு அழுதேண்ணே, எல்லாருக்கும் முன்னாடி, எனக்கு மட்டும் பின்னாடின்னு."

அழகேசன் வெறுமையாகக் கிடந்த தன் பின்கூரையை அண்ணாந்து பார்த்தான். பேனர் தன் வீட்டுக் கூரையில் நின்றிருக்கலாம். பக்கத்துக் கூரைதான். கொஞ்சம் இந்தப் பக்கம் கட்டியிருந்தால் போதும்.

"நீங்களும் பின்னாடி மாத்திக்குங்கண்ணே. நானே வந்து புடிக்கிறேன்," என்றான் தேவன்.

ஆனால் தொட்டிகள் இன்னும் சங்கத்தின் சொத்து. ஒப்படைப்பு விழா நடக்கும்வரை ஓர் ஆணியைக்கூடத் திருகக்கூடாது. விழாவுக்குப் பெரிய விருந்தினர் தேதி கொடுக்க வேண்டும். அவர் பழனியாண்டிக்கும் மேலே. ஆகவே அவர் இன்னும் தாமதமாக வருவார். தொட்டிகள் பொருத்தி முடித்ததிலிருந்து காத்திருக்கிறார்கள்.

பொதுக்கூட்டத்தில் அழகேசன் எழுந்தான். சாதாரணமாகப் பேசத் தெரியாதவன். அன்று கோர்வையாக வந்தது. முன்கூரை, பின்கூரை, நடுவில் குழாயின் நீளம், குழாயில் ஆறிப்போகும் தண்ணீர். எல்லாருக்கும் புரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "அதான் எனக்கும்!" என்றாள். அவன் முடித்தான்.

"அதனால எல்லாத் தொட்டியையும் பின்னாடி மாத்தணும் ஐயா. தேவன் வீட்ல இருக்கிற மாதிரி."

தலைவர் மைக்கை அருகில் இழுத்தார்.

"விழாவுக்கு வர்ற பெரியவர் எந்த வழியா வருவாரு?"

"சாலை வழியாங்க."

"பின்சந்துல வருவாரா?"

"வரமாட்டாருங்க."

"அப்ப தொட்டி பின்னாடி இருந்தா அவரு எதப் பாப்பாரு? நாம செஞ்சதா அவருக்கு எப்படித் தெரியும்? தம்பி, சுடுதண்ணிய யாரும் போட்டோ எடுக்க முடியாது. தொட்டியத்தான் எடுக்கலாம்." ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "ஆனா அழகேசன் ஒரு பெரிய உண்மையக் கண்டுபுடிச்சுக் கொடுத்திருக்காரு. நம்ம தாமான்ல ஒரு வீட்டுக்கு மட்டும் தனிச் சலுகை! ஒரே ஒரு வீட்ல சுடுதண்ணி முன்கூட்டியே வருது! எல்லாரும் காத்திருக்கையில ஒருத்தர் மட்டும் காத்திருக்காம குளிக்கிறாரு! இதயா நான் வளத்தேன்?"

கூட்டம் திரும்பித் தேவனைப் பார்த்தது. தேவன் தன் கால்களைப் பார்த்தான்.

"பேனரு எறக்கி ரொம்ப நாளாச்சு. தேவன் வீட்டுத் தொட்டிய முன்கூரைக்குக் கொண்டு வர்றதா தீர்மானம். முன்மொழிவது நான். வழிமொழிய யாரு?"

யாரும் கை தூக்கவில்லை. அதுவரை எதற்கும் வழிமொழியத் தயாராக இருந்த பொருளாளர்கூட மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். வழிமொழிய ஆளில்லாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும். இது அழகேசனுக்குத் தெரியும். தேவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான். நம்பிக்கையோடு பார்த்தான். அண்ணன் எழுந்து வேண்டாம் என்று சொல்வார், அவர் கேட்டது இதில்லையே.

அழகேசனுக்கு ரமணி நினைவுக்கு வந்தாள். ஈரத் தலையோடு பக்கத்து வீட்டு வாசலிலிருந்து சிரித்துக்கொண்டே வரும் ரமணி. பிள்ளையின் மேல் அடுத்த வீட்டு வாசனை. சுவருக்கு அந்தப் பக்கம் திறந்த உடனே விழும் தண்ணீர்.

கை தானாக மேலே போயிற்று.

"வழிமொழிகிறேன்," என்றான். வழிமொழியும்போது மட்டும் அங்கே எல்லாரும் இலக்கணமாகப் பேசுவார்கள்.

தொட்டியை மாற்ற ஆட்கள் வந்தபோது தேவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். அழகேசன் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது.

தொட்டிகள் எல்லாம் முன்னால் வந்துவிட்டன என்று தெரிந்ததும் பெரிய விருந்தினர் மறுநாளுக்கே தேதி கொடுத்தார். விழாவன்று நாசி பிரியாணி ஆறி, அதன் மேல் நெய் வெள்ளையாக உறைந்த பிறகு வந்தார். காடியிலிருந்து இறங்காமலே அண்ணாந்து பார்த்தார். வரிசையாகத் தொட்டிகள், வெயிலில் பளபளவென்று. "பாகுஸ், பாகுஸ்," என்று மலாயில் பாராட்டினார். போட்டோ எடுத்தார்கள். போய்விட்டார்.

பழனியாண்டி உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார்.

"இன்று முதல் நம் தாமானில் யாருக்கும் முன்கூட்டிச் சுடுதண்ணீர் வராது! எல்லாரும் சமம்! இந்தச் சமத்துவத்துக்குக் காரணமான தம்பி அழகேசனுக்குப் பொன்னாடை!"

போர்த்தினார்கள். புவனேசன் வாங்கி மடிக்கக் கையை நீட்டினார். தலைவர் தடுத்தார்.

"இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டு போகட்டும்."

சங்க வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. துணைத் தலைவரின் முகம் கறுத்துப்போனது. அழகேசன் அந்தப் பொன்னாடையோடு தாமானைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தேவன் வீட்டு வழியாகப் போனால் கிட்ட. அந்த வழியாகப் போகவில்லை.

மறுநாள் காலை ரமணி பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை.

தன் வீட்டில், தன் குழாயடியில், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழகேசன் கேட்டது அவ்வளவுதான். அது கிடைத்தது. அவன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தான்.

ரமணி குழாயைத் திறந்தாள்.

"நீங்கதான் கை தூக்குனீங்களாம்," என்றாள், திரும்பாமல்.

தண்ணீர் விழுந்தது.

"தேவன்தான் ஷீலாகிட்ட சொல்லியிருக்காரு. அண்ணனுக்கு என்னா கஷ்டமோன்னு சொன்னாராம்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பிள்ளை காத்திருக்கவில்லை. ரமணியின் கையிலேயே வெளிக்கு இருந்துவிட்டது. வழிந்தது. அவள் சில்லென்று வந்த தண்ணீரிலேயே கழுவினாள். பிள்ளை வீறிட்டது.

"துண்டு எடுங்க. துண்டு!"

துண்டு ஷீலா வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அழகேசன் அங்குமிங்கும் பார்த்தான். நாற்காலியில் பொன்னாடை கிடந்தது. அதை எடுத்து நீட்டினான். ரமணி பிள்ளையைச் சுற்றித் துடைத்தாள். பொன்னாடை தண்ணீரை உறிஞ்சவில்லை. ஜரிகை பிள்ளையின் கன்னத்தைக் கீறியது. தண்ணீர் வழுக்கிக்கொண்டு தரையில் சொட்டியது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஷீலாவின் குரல் கேட்டது.

"சுடுதண்ணி வந்துருச்சு!"

அழகேசன் குனிந்து தன் குழாயில் கையை வைத்தான். இன்னும் சில்லென்றுதான் இருந்தது. மறுபடி வைத்துப் பார்த்தான். ஷீலா எப்போது குழாயைத் திறந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

போனை எடுத்துப் புவனேசனைக் கூப்பிட்டான்.

"சார், அடுத்த கூட்டம் எப்ப?"